காக்கா இன்னும் வரல

அண்டாவக் குடுன்னா எங்கேந்துணா குடுப்பேன்? மூடியத் தொறந்து நீயே பாரு. நெறைய சோறு. அந்த குண்டான்ல சாம்பாரு, இதுல காரக்கொயம்பு, தோ அந்த தவலையில பாயசம். ஒரு கரண்டி கூட எடுக்கல. எதுல கொட்டிட்டு உன் அண்டாவக் குடுக்கறது, சொல்லு. என் தலையிலயா?

தெரியும் ஏகாம்பரண்ணா, தெரியும். மூணு மணிக்குள்ள கயுவித் தரேன்னு சொல்லித்தான் ஒன் கடைலேந்து வாடகைக்கு எடுத்தாந்தேன். மாகறல்ல கல்யாணம் கீது, பொயுது சாயறதுக்குள்ள வண்டியில ஏத்திகினு போயி எறக்கணும், எல்லாம் சொன்ன. நானா இல்லன்றேன்? இந்தக் கன்னியப்பன் வார்த்த தவறி எப்பனா பாத்துக்கீறியா? ஆனா இது பதினாறாம் நாளு சோறுணா. காக்கா வந்து வாய் வெக்காம மனுசன் கை வெக்க முடியுமா? உங்க வூட்ல வெப்பீங்களா? ...ஆங், அதான்.

காக்கா வரலணா.

பன்னண்டு மணிக்கு எல போட்டது. இப்ப இன்னா மணி, கையில கட்டிக்கீறியே, பாத்து சொல்லு. ...ரெண்டே முக்காலா? போச்சுடா. அப்பலேந்து எம்பது ஜனம் மானத்தப் பாத்துகினு குந்திகினு கீது. காலைல நாஷ்டா கூட துன்னாம பஸ்ஸு புடிச்சி வந்தவங்க அவங்க. சின்னதுங்க எல்லாம் அயுது ஓஞ்சி தூங்கிட்டுதுங்க. சமையல்காரன் இருந்த பீடியெல்லாம் குடிச்சித் தீத்துட்டு, இப்ப என்ன மொறச்சிகினு கீறான். நான் இன்னா பண்ணுவேன்? நானா காக்கா?

குந்துணா. அந்த அண்டா மூடிய கவுத்துப் போட்டு அது மேல குந்து. ஒன் மூடி தான?

அதுலயும் யாருக்குணா வரல? ஊரு பேரு தெரியாத ஆளுக்கு வரலன்னா, சரி, அந்த ஆளு ராசி அவ்ளோ தான்னு வுட்டுட்டுப் போலாம். எங்க வீராசாமி தாத்தாவுக்கு வரல. எம்பத்திரண்டு வயசு வரைக்கும் காக்காக்கு ஒரு உருண்ட வெக்காம ஒரு வேள துன்னதில்ல அந்த மனுசன். காலைல கேவுரு கூய் குடிக்க சொம்ப எடுத்துகினு வாசல்ல குந்துவாரு. பா...பா...பான்னு ஒரு கொரலு. அவ்ளோ தான். ஏரிக்கரை பனமரத்துலேந்து மொத்தமும் கெளம்பி வந்துடும். ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சிருந்தாருணா. எல்லாம் செத்துப்போன எங்க சொந்தக்காரங்க பேரு. ஒத்தக்கால கெந்திகினு வரும் பாரு ஒண்ணு, அது வேதாசலம் மாமா. மாமாவுக்கும் ஒரு காலு இயுக்கும். இருக்கறதுலயே பெருசு ஒண்ணு கீது, அது தாத்தாவோட மாமனாரு. அது எறங்குச்சின்னா எங்களப் பாத்து, டேய், மாமனாரு வராரு, வடைய மறைங்கடான்னுவாரு. உயிரோட இருந்தப்பவும் அவரு அப்டித்தானாம். பந்தியில குந்துனா பக்கத்து எலயில கீறத எடுத்துடுவாராம்.

அப்டி வளத்து வெச்சிட்டுப் போன மனுசனுக்கு எல போடறோம். எல்லாம் ஒண்ணா வந்து வுயிந்து எலயக் கிழிச்சிடும், ஓட்டறதுக்கு ஒரு ஆளு நிறுத்தணும்னு நேத்து ரோசன பண்ணி வெச்சவன் நானு. ஒண்ணு. ஒரே ஒண்ணு கூட வரலணா.

ஆதிலட்சுமி அத்த கீதே, தாத்தாவோட ஒரே பொண்ணு, பழையசீவரத்துல குடுத்தது, அது தான் மொதல்ல ஆரம்பிச்சுது. நைனாவுக்கு மனசுல எதுவோ கொற கீதுடா, புடிச்சது எதுவோ வெக்காம வுட்டுட்டோம்னு. அவ்ளோ தான். ஆளாளுக்கு ஞாபகம் வர ஆரம்பிச்சிட்ச்சி.

நைனாவுக்கு அதிரசம்னா உசுருன்னுச்சி அத்த. மெய் தான். டாக்டரு சக்கர நோவு, இனிப்பே ஆவாதுன்ட்டாரு. தாத்தா இன்னா பண்ணாரு தெரியுமா? அதிரசத்த தலப்பாவுல வெச்சி கட்டிகினாரு. ஒரு நாளு ஊரு நாயம் பேசப் போயிகீறாரு. நெத்தி மேல எறும்பு வரிச வரிசயா எறங்குது. நாயம் கேக்க வந்த ரெண்டு பேரும் சண்டைய மறந்துட்டு எறும்பையே பாக்கறானுங்க. இவரு அசையலியே. யாரு பக்கம் தப்புன்னு சொல்லி முடிச்சி, ரெண்டு பேரையும் கை குலுக்க வெச்சப்புறம் தான் எயுந்து போயி தலப்பாவ அவுத்தாராம். அத்த அத சொல்லிகினே சிரிக்குது, சிரிச்சிகினே அயுவுது. அப்பால எயுந்து போயி அவசர அவசரமா பக்கத்து வூட்ல பெசஞ்சி வெச்ச மாவ வாங்கியாந்து எட்டு அதிரசம் சுட்டு எலயில வெச்சுது. வருதா? வரல.

அப்பால புள்ளலூர் பஞ்சாட்சரம் தாத்தா. ரெண்டு பேரும் சின்ன வயசு சிநேகிதம். அவரு சொல்றாரு, நாப்பது வருசம் முன்ன ரெண்டு பேரும் மாட்டு சந்தைக்குப் போயிகீறாங்க. எங்க தாத்தா ஒரு காளைய புடிச்சிட்டாரு. வழி பூரா அந்த மாட்டுகிட்ட பேசிகினே வந்துகீறாரு, எங்க வூடு இப்டி கீது, எங்க கெணறு இப்டி கீது, நீ ஒண்ணும் பயப்படாதன்னு. வூட்டுக்கு வந்து கட்டி, தண்ணி காட்டுனப்புறம் தான் ஞாபகம் வந்துதாம், கூட வந்த ஆள சந்தையிலயே வுட்டுட்டு வந்துட்டோம்னு. இவரு அங்க, வீராசாமி டீ வாங்கியாறப் போயிகீறான்னு நம்பிகினு பொயுது சாயற வரைக்கும் குந்திகினு இருந்தாராம். எல்லாரும் வயித்தப் புடிச்சிகினு சிரிக்கறாங்க. அவரும் சிரிச்சாரு. திடுதிப்புனு துண்ட வாயில வெச்சிகினு, இப்பவும் என்ன வுட்டுட்டு போயிட்டான் பாருடான்னாரு. அவரு மடியிலேந்து மூக்குப்பொடி மட்டைய எடுத்து அப்டியே எலயில வெச்சாரு. தாத்தாவுக்கு பொடின்னா புடிக்கும், வாஸ்தவம் தான். காக்காக்குப் புடிக்குமாணா? நீயே சொல்லு.

இன்னும் கேளு. எங்க கூட முப்பது வருசமா ஏரு ஓட்டுன முனிரத்தினம் வந்துகீறாரு. அவரு சொன்னது இங்க பாதி பேருக்குத் தெரியாது. ஒரு ஐப்பசி காத்துல அவரு வூட்டுக் கூர பறந்துட்ச்சாம். தாத்தா அறுவது வயசுல தென்னங்கீத்த தோள்ல தூக்கிகினு அவங்க தெருவுக்குப் போயி, தானே மேல ஏறி வேஞ்சிகீறாரு. வேஞ்சவரு ஒழுங்கா வேஞ்சாரா, கூரையோட உள்ள வுயிந்துட்டாரு. நேரா அடுப்புக்குப் பக்கத்துல. அடுப்புல கருவாட்டுக் கொயம்பு கொதிக்குது. வந்ததே வந்துட்டேன், ஒரு தட்டு வையி சிட்டம்மான்னாராம் அவரு சம்சாரத்தப் பாத்து. அன்னிலேந்து அமாவாசைக்கு அமாவாசை யாருக்கும் தெரியாம அங்க போயி கருவாட்டுக் கொயம்பு துன்னுட்டு வந்துகீறாரு. அமாவாசைக்கு வூட்ல வெரதம்ணா. எங்களுக்கெல்லாம் அவரு தான் வெரதம் சொல்லிக் குடுத்தது.

அத சொல்லிட்டு முனிரத்தினம் ஒரு தூக்குச் சட்டிய நீட்டறாரு. சிட்டம்மா காலைலயே வெச்சிக் குடுத்தனுப்புன கொயம்பு. சொந்தக்காரங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கறாங்க. கரும காரியத்துல கருவாடான்னு ஒரு கெயவி இயுத்துச்சி. அத்த தான் எயுந்து போயி தன் கையால வாங்குச்சி. எங்க நைனா துன்னது, எங்க நைனாவுக்கு வெப்பேன்னுச்சி. நல்லா சொல்லுச்சிணா. எனக்கே கண்ணுல தண்ணி வந்துட்ச்சி. ஆனா அந்தக் கருவாட்டு வாசனைக்கு ஊருல கீற பூன பூரா வந்துட்ச்சி, காக்கா வரல. இப்ப மொத வேல பூனய ஓட்டறது.

இதோட வுட்டாங்களா? தாத்தா மத்தியானத்துல ரேடியோ கேப்பாருன்னு என் சம்சாரம் மங்கம்மா ட்ரான்சிஸ்டர எடுத்தாந்து எலக்குப் பக்கத்துல வெச்சி சத்தமா வெச்சிட்டா. நெல்லுக்கு எப்ப மருந்தடிக்கணும்னு அது கத்திகினு கீது. ஒருத்தன் கைத்தடியக் கொணாந்து சாத்தி வெச்சான். கைத்தடியப் பாத்துட்டு எந்தக் காக்காணா வரும்? காக்காக்கு வெச்ச எலயா அது, சந்தக் கடையாட்டம் கீது. போயி பாரு நீயே.

ஒன் வண்டி மாடு மூக்க நீட்டுது பாரு, பாவம். அதுங்களாச்சும் துன்னட்டும். பின்னால களத்துல வைக்கப்போரு கீது, போயி ரெண்டு கத்த உருவிப் போடு. போணா. நான் இங்கேந்தே பேசறேன்.

...போரு நல்ல போரு. இந்த வருசத்து வைக்கல்.

...கேக்குதாணா? கேக்கலன்னாலும் பரவால்ல. கேக்காம இருந்தா இன்னும் நல்லது.

நான் ஏன் வாசல்ல குந்தாம இங்க வந்து அண்டாவுக்குக் காவல் காக்கறேன்னு நெனக்கற? ஒவ்வொருத்தரா சொல்லி முடிச்சிட்டு எல்லாரும் என்னப் பாத்தாங்க. கொள்ளி வெச்சவன் நானு. எங்க நைனா எனக்கு ஆறு வயசுல போயிட்டாரு, என்ன வளத்தது தாத்தா. அத்த கேக்குது, கன்னியப்பா, அதிகமா கூட இருந்தவன் நீ தான், ஒனக்கு இன்னாடா ஞாபகம் வருதுன்னு. அண்டாவுல சோறு தீயுதுன்னு சொல்லிட்டு எயுந்து வந்துட்டேன். எறக்கி வெச்ச அண்டாவுல சோறு எப்டிணா தீயும்? அத்த ஒரு பார்வ பாத்துச்சி. அதுக்கு எதுவோ தெரிஞ்சிபோச்சி.

ஞாபகம் இல்லாமயா? கீது. நெறைய கீது. தோள்ல தூக்கிகினு திருவிழாவுக்குப் போனது, நீச்சலு கத்துக்கன்னு கெணத்துல தள்ளி வுட்டுட்டு அவரே பயந்துபோயி பின்னாலயே குதிச்சது, எல்லாம் கீது. ஆனா வாயத் தொறந்தா அது ஒண்ணு தான் முன்னால வந்து நிக்குது.

பங்குனியில வேர்க்கடல புடுங்குனோம். வெதக்குன்னு ரெண்டு மூட்ட தனியா எடுத்து களத்துல காயப் போட்டேன். பொறுக்கி எடுத்த கடலணா, ஒண்ணொண்ணும் கட்ட விரலு அளவு. தாத்தாவுக்குத் தான் பல்லு கெடையாதே. ஒடச்சி ஒடச்சி காக்காக்குப் போட்டுகினு குந்திகினு கீறாரு. பா...பா...பான்னு. வெதய. அன்னிக்குன்னு பாத்து பம்புசெட்டு மோட்டாரு எரிஞ்சி போயி, காலைலேந்து வெயில்ல அலைஞ்சிட்டு வரேன் நானு. கத்திட்டேன். வெதயப் போயி காக்காக்குப் போடறியே, ஒனக்கு அறிவு கீதா, அடுத்த போகத்துக்கு ஒன் காக்கா வந்து வெதக்குமான்னு கேட்டுட்டேன். அவருகிட்ட அது வரைக்கும் நான் கொரல ஒசத்திக் கூட பேசனதில்லணா.

அவரு மடியில இருந்த கடலய எடுத்து குவியல்லயே கொட்டனாரு. துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு உள்ள போயிட்டாரு. மறுநாள்லேந்து வாசல்ல குந்தல. கூய் சொம்ப எடுத்துகினு உள்ள செவுத்தப் பாத்து குந்திக்குவாரு. காக்காங்க வந்து வந்து பாத்துட்டுப் போச்சிங்க. நாளைக்கு சொல்லிக்கலாம், நாளைக்கு சொல்லிக்கலாம்னு இருந்தேன். வா தாத்தா, வெளிய வந்து குந்துன்னு ஒரு வார்த்த. எட்டாவது நாளு போயிட்டாரு.

இப்ப சொல்லு. காக்கா ஏன் வரல? பொடியும் வேணாம், அதிரசமும் வேணாம். அந்த ஆளுக்கு என் மேல கோவம். ஊருக்கே நாயம் சொன்ன மனுசன் எனக்கு இப்டி நாயம் சொல்லிகீறாரு. எம்பது பேரு முன்னால.

...வந்துட்டியா? மாட்டுக்குப் போட்டியா? நான் சொன்னது எதுனா கேட்டுச்சா ஒனக்கு? ...சரி வுடு. நல்லதாப் போச்சி.

...இன்னாணா? எங்க? எது தொங்குது?

அதுவா. அது ஒண்ணும் இல்ல, செத்த காக்கா. மோட்டாருக்குப் போற கம்பியில கரண்டு அடிச்சி வுயிந்து கெடந்துது. எடுத்தாந்து கொம்புல கட்டி களத்துல நட்டு வெச்சேன். நடுவுல ஒரு கோட மய பேஞ்சி வெதக் கடலயெல்லாம் நனைஞ்சி போச்சில்ல, நாலு நாளா மறுபடியும் காயுது. எழவு வூடு, யாரு குந்தி காவல் காக்கறது? அதான். அதப் பாத்துதுன்னா ஒரு காக்கா கூட கிட்ட வராது. இந்தத் தெரு பக்கமே எட்டிப் பாக்காது. நல்லா வேல பாக்குதுணா. நாலு நாளா ஒண்ணு கூட...

...

ஏகாம்பரண்ணா.

அப்டிப் பாக்காதணா.

இருணா, இருணா, சத்தம் போடாத. கைய எடுத்து கும்படறேன், வாசல்ல போயி ஒண்ணும் சொல்லிடாத. அது கொல்லப்பக்கத்து வேல, இது வாசப்பக்கத்து காரியம். ரெண்டையும் சேத்து யாரு ரோசன பண்ணுவாங்க? நீ இருந்தா பண்ணுவியா? ...பண்ணுவியா. சரி, நீ பெரிய ஆளு. சிரிக்காதணா. சிரிச்சாலும் மெதுவா சிரி. எம்பது பேரு பட்டினி கெடக்கறாங்க, என்ன அந்தக் கொம்புலயே கட்டித் தொங்க வுட்டுடுவாங்க. அத்த மூணு மணி நேரமா அயுதுகினு கீது, நைனாவுக்குக் கோவம், நைனாவுக்குக் கோவம்னு.

வா, கூட வா. போருக்கு இந்தப் பக்கமா வா. கொம்ப சாயி. புடிச்சிக்க. முடிச்சு அவுற மாட்டேங்குது, நல்லா கட்டித் தொலச்சிகீறேன். ...ஆங், வந்துட்ச்சி. எருக்குழியில போட்டு மூடிடலாம். மண்ணத் தள்ளு, கால்ல தள்ளு. ஒனக்கு ஆயிரம் புண்ணியம்ணா. அடுத்த காரியத்துக்கும் ஒன் கடையில தான் அண்டா எடுப்பேன்.

இப்ப போரு பின்னால குந்து. அசையாத. உடனே வருமா? நாலு நாளு பயம் உடனே போவுமா அதுங்களுக்கு? ...பீடி பத்த வெக்காத. சும்மா இரு.

...

தோ.

போரு மேல பாரு. ஒத்தக்காலு. வேதாசலம் மாமாணா அது. கெந்துது பாரு, அவரே தான். எறங்குது... எறங்குது... மாமா, அந்தப் பக்கம் போ. வாசப்பக்கம் போ, அங்க எல போட்டுகீது, அதிரசம் கீது, கருவாடு கூட கீது. எங்க வர? இங்க ஒண்ணும் இல்ல. அது வெத. வெதக் கடல அது, சூ...

...ஓட்டலணா. நான் ஓட்டல. கை தன்னால தூக்கிட்ச்சி. எறக்கிட்டேன் பாரு.

துன்னட்டும்.

தோ மாமனாரு. வந்தாருன்னா பக்கத்துல கீறதுக்கு மிச்சம் வெக்க மாட்டாரு. நாலு, அஞ்சி... எண்ண முடியல. கத்துதுங்க பாரு. அய்யோ, வாசல்ல கேட்டுட்ச்சி, எல்லாரும் ஓடியாறாங்க. நீ ஒண்ணும் பேசாதணா. ஒனக்கு ஒண்ணுமே தெரியாது.

வா அத்த. மெதுவா வாங்க, மெதுவா, பறந்துடப் போவுது. ...ஆமா அத்த. வெதக் கடல தான். ...நான் ஒண்ணும் பண்ணல அத்த. ...இல்ல, எனக்கு எப்டித் தெரியும்? சும்மா இங்க காயப் போட்டு வெச்சேன், அவ்ளோ தான். ...அப்டியெல்லாம் சொல்லாத. எனக்கு மட்டும் தான் தாத்தா மனசு தெரியும்னு எல்லாம் சொல்லாத அத்த. கால்ல வுயிந்து கேக்கறேன். பஞ்சாட்சரம் தாத்தா, நீயுமா? தோள்ல தட்டாத, எனக்கு ஒரு மாரி கீது. போங்க, காக்கா வாய் வெச்சிட்ச்சில்ல, எல்லாரும் போயி பந்தியில குந்துங்க. மங்கம்மா, எலயப் போடு. அந்த ரேடியோவ நிறுத்து மொதல்ல.

ஏகாம்பரண்ணா, பாத்தியா இந்த அநியாயத்த? பண்ணதெல்லாம் நான், கடைசியில மால போடாத கொற தான் எனக்கு. நீயாச்சும் ஒரு வார்த்த... ஏகாம்பரண்ணா? எங்கணா போன?

அட, மொத எலயில குந்திகினு கீறாரு. அண்டா அவசரம், அண்டா அவசரம்னாரு. இப்ப அப்பளம் கேக்கறாரு. கேக்கட்டும். அவரும் பட்டினி தான்.

எல்லாம் துன்னுட்டுப் பறந்துட்ச்சிங்க.

நீ யாரு? காக்காக் கூட்டத்துல ஒன்ன நான் பாத்ததே இல்லியே. எல்லாம் வந்து வாரிகினு போச்சி, நீ மட்டும் அந்தக் கல்லு மேல தள்ளி குந்திகினு கீற. கால்கிட்டயே கடல கெடக்குது, தொட மாட்டேன்ற. என்னையே பாக்கற.

...எடுத்துக்க.

இன்னும் கோவமா? நான் அன்னிக்குக் கத்துனது தப்பு தான். மோட்டாரு எரிஞ்சி போச்சின்னு கத்தனேன். மறுநாளே வந்து சொல்லியிருக்கணும், சொல்லல. இரு, தோலு கெட்டியா கீது, நான் ஒடச்சித் தரேன். நல்ல கடல. வெத தான், பரவால்ல, வேற வாங்கிக்கலாம். தோ போடறேன் பாரு.

பா... பா... பா...

எடுத்துக்க தாத்தா.